ஓடிய தட்டும் ஓடாத தட்டும்

பெரிய முதலியார்சாவடியில் எங்கள் தெருக்கோடி வீட்டு அத்தை ஒரு மாலை வந்து, மஞ்சள் துணியில் சுற்றிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பிரித்தால் பிளாஸ்டிக் டப்பி, அதற்குள் ஒரு சிடி. மேலே ரோஜா வளையத்துக்குள் அவர் மகளின் படம் அச்சடித்த ஸ்டிக்கர். 2007-இல் நடந்த மஞ்சள் நீராட்டு விழா.

"மாமாவுக்கு வருஷ திதி வருது தம்பி. போன்ல இருக்கறதெல்லாம் ஆஸ்பத்திரிப் படம். இதுல நீலச் சட்டை போட்டுக்கினு சீர்த் தட்டுக்குப் பக்கத்துல நிப்பாரு. அத மட்டும் எடுத்துப் பெருசா போட்டுத் தரணும். ஸ்டுடியோவுல கேட்டேன், தேறாதுன்னுட்டாங்க. தட்டு நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன் தேறாது?"

மாமா மரக்காணம் உப்பளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. உப்பு வாரும் பலகை பட்டது என்று சொல்வார். ஊருக்கே தெரிந்த தழும்பு.

ஸ்டுடியோவில் சொன்னது உண்மைதான். ஆனால் அத்தையின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கெட்டுப்போன தட்டு என்றால் மனம் ஆறிவிடும். ஓடுகிற தட்டிலிருந்து ஒரு படத்தை எடுக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

தட்டை முதலில் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். காசில்லாத சோதனை, யாரும் செய்யலாம். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற பகுதி முடிந்ததும் ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் சற்றுக் கருத்துத் தெரிந்தது. மீதி வெளிறியிருந்தது. கிராமபோன் தட்டில் முள் வெளியிலிருந்து உள்ளே வரும். சிடியில் லேசர் உள்ளிருந்து வெளியே போகும். கருத்த வளையம்தான் எழுதிய இடம். பாதை எங்கும் ஒரே நெருக்கமாகச் சுற்றுவதால் வளையத்தின் பரப்பை அளந்தாலே எவ்வளவு எழுதியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்தத் தட்டில் ஏறத்தாழ 20 நிமிடம். கணினியில் போட்டபோது பத்தொன்பது நிமிடம் சொச்சம் காட்டியது.

நம் ஊரில் 'சிடி ரைட் பண்ணு' என்போம், ஆங்கிலம் படித்தவர்கள் 'பர்ன் பண்ணு' என்பார்கள். அந்நாளில் எல்லா ஸ்டுடியோ கணினியிலும் இருந்த மென்பொருளுக்கு நீரோ என்று பெயர். அதன் முழுப் பெயர் நீரோ பர்னிங் ரோம். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்லப்படும் மன்னனை வைத்துச் செய்த சொல் விளையாட்டு. நெருப்பு என்று பார்த்தால், உள்ளே உண்மையிலேயே ஒன்று கருகத்தான் செய்கிறது.

பாட்டுக் கடையில் விற்ற சிடி அச்சில் வார்த்தது. இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதுபோல, உருகிய பாலிகார்பனேட்டை அச்சில் செலுத்தி, பள்ளமும் மேடுமாக ஒரே அழுத்தில் எடுத்துவிடுவார்கள். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் விற்பனைக்கு வந்த தட்டு அது. வீட்டிலேயே எழுதக்கூடிய தட்டு வேறு வகை. அதை ஜப்பானின் டையோ யூடென் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்தது. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் வட்டம், அதன்மேல் ஒரு சாயப் பூச்சு, அதன்மேல் கண்ணாடிபோல ஒளியைத் திருப்ப வெள்ளிப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய வார்னிஷ். வட்டத்தில் முன்கூட்டியே ஒரு சுருள் வரி வார்த்திருக்கும். இந்தச் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் நாற்பது சுற்று அடங்கிவிடும். சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். எங்கள் ஊரில் ஒரு நுனியை வைத்தால் மறு நுனி கோட்டக்குப்பத்தை எட்டும்.

எழுதும்போது லேசர் அந்த வரியின்மேல் ஓடியபடியே விட்டுவிட்டுப் பிரகாசிக்கிறது. பட்ட இடத்தில் சாயம் இருநூறு டிகிரிக்கு மேல் சூடேறிச் சிதைகிறது. மிக மெதுவான வேகத்தில் எழுதினாலும் ஒரு குட்டிப் புள்ளிக்கு ஆகும் நேரம் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகு படிக்கும்போது அதே லேசர் அடக்கமான ஒளியோடு வரும். சிதையாத இடத்தில் ஒளி வெள்ளியில் பட்டு முழுதாகத் திரும்பும், சிதைந்த இடத்தில் மங்கித் திரும்பும். பளிச்சென்பது 1, மங்கல் என்பது 0 என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மங்கலிலிருந்து பளிச்சுக்கோ பளிச்சிலிருந்து மங்கலுக்கோ மாறுகிற அந்த ஓரம்தான் 1. மாறாமல் நீள்கிற தூரமெல்லாம் 0. அதனால் சாயம் வெளிறி ஓரங்கள் கரைந்துபோனால் படிக்கும் கருவிக்கு எங்கே மாற்றம் என்று தெரியாமல் போகிறது.

இந்தத் தட்டுகள் வீடு வீடாக வந்ததற்கு அறிவியல் மட்டும் காரணமில்லை. 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த ஊர்களில் மலிவு விலை டிவிடி பிளேயர் வந்து உட்கார்ந்தது. நேரப் பதிவுக் கருவி செய்யத் தொடங்கி, பிளாப்பிக்கு மாறி, பிறகு தட்டு வார்ப்பதில் உலகின் முன்வரிசைக்குப் போன மோசர் பேர் நிறுவனம் சினிமாவையே 28 ரூபாய்க்கு விசிடியாக விற்றது. அதே சமயத்தில்தான் ஸ்டுடியோக்கள் பிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆல்பத்தோடு ஒரு ஸ்லைடு ஷோ சிடி கொடுப்பது வழக்கமாயிற்று. படத்தின்மேல் படம் புத்தகத் தாள் மாதிரி புரளும். இதயம் வெடித்து அதற்குள்ளிருந்து பெண் வருவாள். பின்னணியில் அந்த வருடத்து சினிமாப் பாட்டு. அதைப் பார்க்க அக்கம்பக்கமே கூடும். இன்று கேலி செய்வது எளிது. எனக்கு அந்த இதயங்கள் பிடிக்கும்.

அத்தையின் தட்டிலும் இதயம் வெடித்தது. நாலாவது நிமிடத்தில் மாமா வந்தார். நிறுத்திப் பெரிதாக்கினேன். கன்னத்தில் ஒரு சதுரம், மூக்கில் ஒரு சதுரம், தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புச் சதுரம். அவ்வளவுதான் மாமா.

2007-இல் ஸ்டுடியோவில் இருந்த சாதாரண 50 லட்சம் புள்ளி கேமரா என்றே வைத்துக்கொள்வோம். அகலத்தில் 2,592 புள்ளி, உயரத்தில் 1,944 புள்ளி. அத்தையின் தட்டோ விசிடி. சிடியில் வீடியோ எழுத 1993-இல் வகுத்த தரம் அது. நம் ஊர்த் தொலைக்காட்சி முறைக்கு அதில் அகலம் 352, உயரம் 288. பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளி. ஐம்பது பங்கில் ஒரு பங்கு மட்டுமே தட்டுக்குள் போயிருக்கிறது. நின்ற வாக்கில் எடுத்த படமென்றால் இன்னும் மோசம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, படத்துக்கு அகலத்தில் இருநூறு புள்ளிகூடத் தேறாது. அதை 12 அங்குல அகலத்தில் அச்சடித்தால் அங்குலத்துக்குப் பதினாறு புள்ளி வரும். பளபளப்பான அச்சுக்குக் கேட்பது முந்நூறு. ஆறேழு பேர் நிற்கிற படத்தில் ஒருவர் முகத்துக்குக் கிடைப்பது குறுக்கே இருபது புள்ளி.

குறைவாக இருப்பது போதாதென்று அதையும் சுருக்குகிறார்கள். விசிடியில் ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கீடு 1,150 கிலோபிட். ஒரு விநாடிக்கு 25 சட்டகம். பங்கு பிரித்தால் ஒரு சட்டகத்துக்கு ஆறு கிலோபைட்டுக்கும் குறைவு. கேமரா எழுதிய அசல் கோப்போ ஒன்றிரண்டு ஆயிரம் கிலோபைட் இருக்கும். இவ்வளவு சுருக்கியும் டிவியில் ஓரளவு நன்றாகத் தெரிந்ததே, அது எப்படி?

அதற்குப் பின்னால் பெங்களூரில் பிறந்த ஒருவர் இருக்கிறார். நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1972-இல் தன் யோசனையை ஆராய விரும்பி அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடாமல் செய்து, நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டார். நம் போனில் இருக்கும் ஜேபெக் படமும் விசிடியும் டிவிடியும் அந்த எளிமையின் மேல்தான் நிற்கின்றன.

எட்டுப் புள்ளி எட்டு வரிசைக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நேர்ப்புள்ளி. படத்தை அப்படிப்பட்ட 64 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று 64 எண் எழுதுவதற்குப் பதிலாக, இந்தக் கட்டம் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம், இடமிருந்து வலமாக மெல்ல மாறுகிறதா, மேலிருந்து கீழாக மாறுகிறதா, பிறகு நுணுக்கமான கோடுகள் எவ்வளவு என்று பருமனிலிருந்து நுட்பத்துக்கு எழுதிக்கொண்டு போகிறார்கள். வானத்தையோ சுவரையோ சொல்ல முதல் இரண்டு மூன்று எண்ணே போதும். நம் கண்ணும் பருமனான மாற்றத்தைப் பிடிக்கும், நுணுக்கத்தில் ஏமாறும். ஆகவே கடைசி எண்களைத் தயங்காமல் வீசுகிறார்கள். மாமாவின் தழும்பு அந்தக் கடைசி எண்களில் இருந்தது.

ஸ்லைடு ஷோவில் ஒரு விசேஷமும் உண்டு. வீடியோச் சுருக்கம் முந்தைய சட்டகத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதும். படம் அசையாமல் நின்றால் மாற்றமே இல்லை, மிஞ்சுகிற இடத்தில் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். தாள் புரளும்போதும் இதயம் வெடிக்கும்போதும் எல்லாமே மாறுகிறது, ஒதுக்கீடு போதாமல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. பழைய விசிடியிலிருந்து படம் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: படம் வந்ததும் நிறுத்தாதீர்கள், அடுத்த படம் புரளத் தொடங்குவதற்குச் சற்று முன்பு நிறுத்துங்கள். நான் அப்படித்தான் எடுத்தேன். அடுத்தடுத்த இருபது சட்டகங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சராசரி பார்த்தேன். சதுரங்கள் மெல்லக் கரைந்து நீலச் சட்டையில் பட்டன் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

பேராசையில் போனில் ஒரு செயலியிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று விநாடியில் அழகான ஒரு மனிதர் வந்தார். பல்வரிசை, இமை மயிர், எல்லாம் கண்ணாடி மாதிரி. அத்தையிடம் காட்டினேன். கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு தம்பி இது? தழும்பு எங்க?"

லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய கணக்கு அது. இருபது புள்ளியைக் கொடுத்தால் இப்படிப்பட்ட புள்ளிகளுக்கு எப்படிப்பட்ட முகம் பொருந்தும் என்று ஊகித்து வரைகிறது. உலகத்தில் பெரும்பாலான புருவங்களுக்கு மேலே தழும்பு இல்லை, அதனால் இவருக்கும் இல்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

இப்போது அத்தையின் கேள்விக்கு வரலாம். தட்டு கெடவில்லை, தட்டில் படம்தான் இல்லை. அசல் படங்களை வைத்துச் செய்த ஒரு குட்டிச் சினிமாதான் அதில் இருந்தது. இதைச் சொன்னபோது அத்தைக்குக் கோபம் வந்தது. "காசு வாங்கிக்கினு தானே போட்டான்?" என்றார். நியாயம்தான். ஆனால் அன்று யாருக்கும் வேண்டியிருந்தது டிவியில் ஓடுகிற தட்டு. அது ஓடியது.

விசிடிக்கும் கணினிக் கோப்பு எழுதிய தட்டுக்கும் இன்னொரு வேற்றுமையும் இருக்கிறது, ஸ்டுடியோக்காரர்களே பலர் அறியாதது. சிடியில் தகவலைச் சின்னச் சின்னப் பகுதிகளாக எழுதுகிறார்கள். ஒரு பகுதி 2,352 பைட். கணினிக் கோப்பு எழுதும் தட்டில் அதில் 2,048 பைட்தான் நம் சரக்கு, மீதி பெரும்பாலும் காவல். எங்காவது பிழை வந்தால் கண்டுபிடித்துத் திருத்துவதற்கான கூடுதல் எண்கள். விசிடியில் அந்தக் காவலைக் குறைத்துவிட்டு 2,324 பைட் வரை படத்தையே திணிக்கிறார்கள். அதனால்தான் 700 எம்பி என்று போட்ட தட்டில் 800 எம்பி அளவுக்கு விசிடி ஏறியது. ஒரு சட்டகத்தில் நான்கு சதுரம் சிதறினால் அடுத்த நொடியில் மறந்துவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. கோப்பில் ஒரு எழுத்து மாறினால் அப்படி மறக்க முடியாது.

இதற்கெல்லாம் அடியில் எல்லாத் தட்டுக்கும் பொதுவான காவல் ஒன்று உண்டு. 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் வகுத்த கணக்கு அது. தகவலை அப்படியே வரிசையாக எழுதாமல் கலைத்து எழுதுகிறார்கள். 'மரக்காணம் உப்பளம்' என்று வரிசையாக எழுதி அதன்மேல் ஒரு கீறல் விழுந்தால் 'மரக்காணம் ______' என்றாகும். காலியிடத்தில் உப்பளமா, கடற்கரையா, பேருந்து நிலையமா? யாராலும் சொல்ல முடியாது. எழுத்துகளைக் கலைத்துத் தூர தூரமாக எழுதியிருந்தால், அதே கீறல் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்தைத்தான் தின்னும். திரும்ப அடுக்கும்போது 'மர_காணம் உப்_ளம்' என்று வரும். நீங்களே படித்துவிட்டீர்கள். கருவியும் அப்படித்தான் படிக்கிறது. கூடவே கணக்கும் இருப்பதால் ஊகிக்காமல் சரியாகவே படிக்கிறது. பாதையோரமாக இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் முழுதாகப் போனாலும் மீட்டுவிடும்.

அதனால்தான் தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். நாம் எல்லாரும் முந்தானையை எடுத்து வட்டமாகத் துடைத்தோம். நேராக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் கெடுக்கும். வட்டமாக விழும் கீறல் பாதையோடு சேர்ந்து ஓடி, காவலால் தாங்க முடியாத நீளத்துக்குத் தின்றுவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்பார்களே, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அடிப்பக்கம் இருப்பது வெறும் பாலிகார்பனேட், ஆழமில்லாத கீறலை மெருகேற்றி மழுக்கலாம். நாம் பயந்து பாதுகாத்தது அடிப்பக்கத்தை. உயிர் இருந்தது மேல்பக்கத்தில்.

சிடியில் சாயமும் வெள்ளியும் ஸ்டிக்கருக்கு நேர் அடியில் இருக்கின்றன. இடையில் ஒரு வார்னிஷ், அவ்வளவுதான். (டிவிடி இந்த விஷயத்தில் தேவலை. இரண்டு 0.6 மில்லிமீட்டர் வட்டங்களுக்கு நடுவே சாயத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள்.) பால்பாயின்ட் பேனாவால் மேலே அழுத்தி எழுதினால் போதும். மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் அதைவிட மோசம். நம் கரையோர ஈரத்தில் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு எழும். எழும்போது வெள்ளியையும் கூடவே உரித்துக்கொண்டு வரும். அத்தையின் தட்டிலேயே விளிம்பில் நகத்தளவு உரிந்து, அதன் வழியாக மேசையின் மரநிறம் தெரிந்தது. நல்ல வேளை, எழுதாத இடம்.

இந்தக் கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமையலறையில் கல்லுப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீர் கட்டும். உப்பங்காற்றில் வரும் தூசு தட்டின் விளிம்பில் படிந்து இரவில் ஈரமாகும், பகலில் காயும். பாலிகார்பனேட்டும் ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். உள்ளே இருப்பது வெள்ளி, குளோரைடும் கந்தகமும் அதற்கு ஆகாது. 2001-இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை ஆராய்ந்தார்கள். ஒரு பூஞ்சை விளிம்பு வழியாக நுழைந்து பிளாஸ்டிக்கையும் உலோகப் பூச்சையும் தின்றிருந்தது. வெக்கையும் ஈரமும் நிறைந்த ஊர் அது, நம் ஊர் மாதிரி. நூறு ஆண்டு தாங்கும் என்று தட்டு விளம்பரங்கள் வந்தன. அந்த நூறு ஆண்டு குளிரூட்டிய அறையில் கழிவது.

எங்கள் ஊரிலிருந்து அரைமணி பேருந்துப் பயணத்தில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கம், 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த பழைய புகைப்படங்களைத் தேடி எண்மப் படியெடுத்தார்கள். 1880 முதல் 1980 வரையிலான படங்கள். செல்லரித்த அட்டை, பூஞ்சை பிடித்த கண்ணாடித் தகடு, ஆனாலும் முகம் இருக்கிறது. கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. நாளைக்கு யாராவது 2000 முதல் 2012 வரையிலான வீட்டுப் படங்களைத் தேடி வந்தால் என்ன கிடைக்கும்? அச்சடித்த ஆல்பத்தில் இருந்த நாற்பது படமும், பீரோவில் ஓடுகிற தட்டும். மற்றவை கேமரா அட்டையிலிருந்து அழிக்கப்பட்டவை, ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்க்கோடு போனவை. சுவடி எழுதியவர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது. ஏடு உடையும் முன்பே அடுத்த ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். ஓர் ஏட்டை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தட்டுகளின் காலமோ முடிந்துவருகிறது. எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்கள் ஸ்லைடு ஷோ செய்யப் பயன்படுத்திய புரோஷோ மென்பொருளின் நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. மோசர் பேர் 2018-இல் கலைப்புக்குப் போனது. எழுதக்கூடிய புளூ-ரே தட்டு செய்வதை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. இன்று புது லேப்டாப்பில் தட்டுப் போட வாய் கிடையாது.

அத்தையிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். சில ஸ்டுடியோக்களில் ஸ்லைடு ஷோ தட்டோடு இன்னொரு தட்டும் தருவார்கள், மேலே 'டேட்டா' என்று மார்க்கரால் எழுதி. அப்படி ஏதாவது?

"இன்னொண்ணு இருந்துச்சே. ஓடவே ஓடாது. டிவியில போட்டா சுத்திக்கினே இருக்கும். புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு இல்ல, அப்ப எல்லாத்தையும் எடுத்துக் காயப் போட்டப்ப, இது எதுக்குன்னு..." என்று நிறுத்தி, கொல்லைப் பக்கம் கை காட்டினார்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதற்குப் பிறகு சில மாதங்களாக அந்தத் தட்டு கொய்யா மரத்தில், நடுத்துளையில் கயிறு கோத்து, கிளி விரட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற தட்டு மஞ்சள் துணியில், அசல் படங்கள் மரத்தில்.

ஏணி போட்டு இறக்கினேன். அடிப்பக்கம் பச்சை கலந்த வெளிர் தங்க நிறம். அதைப் பார்த்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எழுதும் தட்டுச் சாயத்தில் சில வகை வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும், இந்த வெளிர் நிற வகை தாலோசயனின், வெயிலை மற்றவற்றைவிடத் தாங்கும். கொய்யா இலை நிழலும் இருந்தது. ஆனால் விளிம்பு முழுக்கப் பூச்சு நைந்து சல்லடையாகியிருந்தது. ஈரம் எப்போதும் விளிம்பிலிருந்துதான் நுழையும். எழுத்து தொடங்குவதோ உள்ளிருந்து. எத்தனை தூரம் வெளியே போனதோ அத்தனை இழப்பு.

குழாய் நீரில் அலசி, ஒரு சொட்டு சோப்பு விட்டு, பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றித் துடைத்து, நிழலில் காயவைத்தேன். பழைய டிரைவை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கினேன். வேகம் குறைந்தால் தட்டு ஆடாது, லேசரும் வரியைத் தவறவிடாது. படிக்க முடியாத பகுதியைத் தாண்டிப்போய், பிறகு திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும் ஒரு மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். ராத்திரி முழுக்க அது முனகியது. கோப்புப் பட்டியல் தட்டின் உட்புறத் தொடக்கத்தில் இருப்பதால் விடிந்தபோது பெயர்கள் எல்லாமே வந்திருந்தன. 214 படம். திறந்தவை எண்பதுக்குச் சற்று மேல். மீதிப் பெயர்களுக்கு உள்ளே ஒன்றுமில்லை.

மாமாவின் படம் எல்லைக்கோட்டில் இருந்தது. ஜேபெக் கோப்பை மேலிருந்து கீழாகத்தான் பிரிப்பார்கள். நடுவில் ஒரு பகுதி கிடைக்காவிட்டால் அதுவரை வந்தது நிற்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறம். பந்தலின் தென்னங்கீற்று வந்தது, சீரியல் விளக்கு வந்தது, மாமாவின் தலை வந்தது. புருவத்துக்கு மேலே தழும்பு, அதில் வியர்வை மினுங்குவதுகூடத் தெரிந்தது. நீலச் சட்டையின் இரண்டாவது பட்டனோடு படம் முடிந்து, கீழே ஒரே சாம்பல்.

அத்தை திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். விரலால் அந்தச் சாம்பல் தொடங்குகிற கோட்டைத் தொட்டார்.

"பரவால்ல தம்பி. இப்படியே போட்டுடு. மாலை அதுவரைக்கும் வரும்."